ஆறு டயர் வாங்க ஒரு கோடைக்காலம்

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய ஆர்டித் அத்தைக்கு,

உங்கள் தம்பி மகள் ஷெல்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் சுகம், அப்பா சுகம், மாடுகள் சுகம். வடக்கு மேய்ச்சல் நிலத்துக் காற்றாலையைத் தவிர மற்ற எல்லாம் சுற்றிக்கொண்டிருக்கின்றன. புல் அறுத்துக் கட்டி முடித்தாயிற்று. யாங்க்டனில் நீங்களும் மாமாவும், மாமாவுக்குப் புதிதாக வைத்த முழங்காலும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஈஸ்டருக்கு நீங்கள் கொடுத்தனுப்பிய பீட்ரூட் ஊறுகாய் தீர்ந்துவிட்டது. ஜாடியைக் கழுவி வைத்திருக்கிறேன்.

இதை ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் உங்கள் முடி அலங்காரக் கடையில் இருந்தால் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு ஷாம்பு அலமாரிமேல் வைத்துவிட்டு, யார் தலையையோ அலசிக்கொண்டே "சொல்லு கண்ணு, சத்தமாச் சொல்லு" என்பீர்கள். நான் சத்தமாகச் சொன்னால் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் பதில் சொல்வார்கள். போன தடவை என் பல்வலிக்கு வந்த வைத்தியங்களில் எது உங்களுடையது என்று எனக்கு இன்னும் தெரியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான் அத்தை. வருகிற திங்கட்கிழமை காலை நான், வடக்கே ஒரு நாள் பயணத் தூரத்தில் இருக்கிற டுலூத்தில் வேலையில் சேர வேண்டும். அந்தப் பெரிய ஏரியின் தண்ணீரைப் பரிசோதிக்கிற ஆய்வுக்கூடம். ஏற்கெனவே ஒருமுறை தேதியைத் தள்ளி வைத்துக் கொடுத்தார்கள். இன்னொரு முறை கேட்டபோது, இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று அங்கே இருக்கிற அம்மாள் மென்மையாகத்தான் சொன்னார். மென்மையாகச் சொல்கிறவர்கள் சொன்னதைச் செய்துவிடுவார்கள். நம் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். கிடைத்த வேலைக்குப் போய்ச் சேராத முதல் ஆளாகவும் ஆகிவிடுவேன் போலிருக்கிறது. காரணம் டயர். அப்பாவின் பிக்கப்புக்கு முன்னால் இரண்டு, பின்னால் பக்கத்துக்கு இரண்டிரண்டாக நாலு, மொத்தம் ஆறு டயர் மாற்ற வேண்டும். ஜூலையில் பேச ஆரம்பித்தோம். ஆகஸ்ட் முடியப்போகிறது. அப்பா இன்னும் டயரைத் தேர்ந்தெடுக்கவில்லை.

"உன் கார் என்னாச்சு?" என்று கேட்பீர்கள். என் காரின் கியர் பெட்டி ஜூன் மாதம் உயிரை விட்டது. அதை அப்பா டிராக்டரில் கட்டி இழுத்துக் கோழிக்கூண்டு பக்கம் நிறுத்தினார். கதவு சரியாகச் சாத்தவில்லை. இப்போது பின்சீட்டில் மூன்று கோழிகள் அடைகாக்கின்றன, ஓட்டுநர் இருக்கையில் சேவல் உட்காருகிறது. கார் நன்றாக இருந்தபோதே அப்பாவுக்கு அதன்மேல் மரியாதை கிடையாது. "அந்தச் செருப்புல ஏறிக்கிட்டா அவ்ளோ தூரம் போவ? நம்ம வண்டியில டிரெய்லரைப் பூட்டி நானே கொண்டுபோய் விடறேன்" என்றார். டிரெய்லர் என்றால் பதினாறு மாடு ஏற்றுகிற டிரெய்லர் அத்தை. என்னிடம் இருப்பது ஒரு கட்டில், ஒரு மேசை, புத்தகம் இரண்டு பெட்டி, ஒரு பூந்தொட்டி. பூந்தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய்விடுகிறேன் என்று சொல்லலாம். ஆனால் "நானே கொண்டுபோய் விடறேன்" என்று சொன்னபோது அப்பா தொப்பியைக் கழற்றிவிட்டுச் சொன்னார். அதற்குமேல் பஸ்ஸைப் பற்றி எப்படிப் பேசுவது?

எல்லாம் ஆரம்பித்தது ஒரு தட்டலில். காலையில் வண்டியைக் கிளப்புமுன் அப்பா உடைந்த சுத்தியல் கைப்பிடியால் ஒவ்வொரு டயரையும் தட்டிப் பார்ப்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் அப்பாவும் தட்டினாராம். பின்பக்கத்து ஜோடியில் உள்ளே இருக்கிற டயர் கண்ணுக்குத் தெரியாது, அதில் காற்று இல்லாவிட்டாலும் வெளியே இருப்பது இரண்டு பேர் வேலையையும் தானே செய்துகொண்டு, ஒன்றும் நடக்காததுபோல ஓடும். அதனால் தட்டிக் கேட்பதுதான் ஒரே வழி. காற்று இருந்தால் 'டங்', இல்லாவிட்டால் 'தொம்'. அப்பாவுக்கு இது கைப்பழக்கமாகப் போய்விட்டது. எங்கே டயரைப் பார்த்தாலும் தட்டுவார். என் பட்டமளிப்பு விழாவன்று லிங்கனில் நான் கறுப்பு அங்கியோடு வரிசையில் நிற்கிறேன், வெளியே வாகன நிறுத்தத்தில் அப்பா கோட்டு போட்டுக்கொண்டு வெளியூரிலிருந்து வந்த பஸ்களின் டயரை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போகிறார். "யோவ், யாருய்யா நீ?" என்று டிரைவர் ஓடி வந்தார். "இடது பக்கம் உள்ள இருக்கிறது செத்துப்போச்சுப்பா, புள்ளைங்கள ஏத்தறதுக்கு முன்னாடி பாத்துக்க" என்றார் அப்பா. பக்கத்தில் நின்ற பெண் என்னிடம், "யாரு அது?" என்று கேட்டாள். நான் என் பட்டமளிப்புத் தொப்பியின் குஞ்சத்தைச் சரிசெய்ய ஆரம்பித்தேன். குஞ்சம் சரியாகத்தான் இருந்தது.

ஜூலையில் ஒருநாள் காலை நான் அடுப்படியில் காப்பி போட்டுக்கொண்டிருக்கிறேன், முற்றத்திலிருந்து டங், டங், டங், டங், டங், அப்புறம் தொம். சத்தம் நின்றுவிட்டது. வெளியே போய்ப் பார்த்தால் அப்பா வலது பின்சக்கரத்தின் பக்கத்தில் முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தார். உள் டயர் எப்போதோ போயிருந்தது. வெளி டயர் அதற்கும் சேர்த்துச் சுமந்து சுமந்து, தரையைப் பிடிக்கிற பட்டனெல்லாம் தேய்ந்து உள்ளே இருக்கிற கம்பி தெரிந்தது. "பாவம், எத்தன நாளா தனியாத் தூக்கிக்கிட்டு ஓடிச்சோ. ஒரு வார்த்தை சொல்லலியே" என்று அதைத் தடவிக் கொடுத்தார். பசு கன்று போட்டுக் களைத்துப் படுத்திருக்கும்போது தடவுவாரே, அப்படி.

கூட்டுறவுக் கடையில் டயர் மாட்டுகிற லைல், அப்பாவோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். மற்ற டயர்களும் பாதிக்குமேல் தேய்ந்தவைதான், ஆறையும் மாற்றிவிடு என்றார் அவர். ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டால் ஜோடியில் ஒன்று உயரம், ஒன்று குட்டை ஆகிவிடும், உயரமானது தூக்கும், குட்டை சும்மா கூட ஓடும், மறுபடியும் இதே கதைதான் என்றார். அப்பா ஒப்புக்கொண்டார். எனக்கு நிம்மதி. "அப்ப பழசு என்ன போட்டிருந்தோமோ அதையே போடச் சொல்லுங்கப்பா" என்றேன். அப்பா என்னைப் பார்த்தார். "அது இங்க ஓட்டறதுக்கு கண்ணு" என்றார். வேறு எங்கே ஓட்டப் போகிறார் அத்தை? வீட்டிலிருந்து மேய்ச்சல் நிலத்துக்கு, மேய்ச்சல் நிலத்திலிருந்து மாட்டுச் சந்தைக்கு, சந்தையிலிருந்து வீட்டுக்கு. வருஷத்துக்கு ஒருமுறை உங்கள் வீடு. மிசௌரி ஆற்றைத் தாண்டினாலே அப்பா "தண்ணி மாறிப்போச்சு" என்று சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிடுவார்.

அதற்கப்புறம், லைல் தற்காலிகமாக மாட்டிக் கொடுத்த பழைய டயரில் தினமும் கூட்டுறவுக் கடை. லைல் ஒரு டயரைக் காட்டுவார், அப்பா அதைத் தூக்கிப் பார்ப்பார், பட்டன் இடுக்கில் கட்டைவிரலை விடுவார், முகர்ந்துகூடப் பார்ப்பார். அப்புறம் ஏதாவது ஒரு கேள்வி கேட்பார். கேள்விகள்தான் எனக்குப் பைத்தியம் பிடிக்க வைத்தன. ஒருநாள் வெயில் மண்டையைப் பிளக்கிறது. கடை வாசலில் நாய்கூட வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அப்பா கேட்கிறார்: "இது ஐஸ்ல எப்படிடா நிக்கும்?"

"எதுல?"

"ஐஸ்ல. ரோடு மேல கண்ணாடி மாதிரி ஐஸ் கட்டியிருந்தா?"

"டேய் டெல்மர்," என்றார் லைல், முகத்தைத் துடைத்துக்கொண்டே. "சட்டையப் பிழிஞ்சா ஒரு வாளி தண்ணி வருது எனக்கு. பனி பேஞ்சா நீ வீட்டை விட்டே வரமாட்ட. டிராக்டர்ல புல்லைக் கொண்டுபோய் போட்டுட்டு அடுப்புப் பக்கத்துல உக்காந்துக்குவ. உனக்கு எதுக்குடா ஐஸு?"

"கேட்டா பதில் சொல்லு. மேடு ஏறுமா? நல்ல செங்குத்தான மேடு?"

"உன் நிலத்துல இருக்கிற பெரிய மேடு உன் தொப்பைதான்."

அப்பா சிரித்தார். ஆனால் டயர் வாங்கவில்லை. திரும்பி வரும் வழியில் எதிரே வந்த வண்டிக்காரர்களுக்கு ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு விரலை மட்டும் தூக்கினார். பாலம் தாண்டியதும், "நீ பிடிச்சிருக்கிற வீடு, அந்தத் தெரு எப்படி இருக்கும்?" என்று கேட்டார். டுலூத் முழுக்க மலைச்சரிவு, என் தெரு ஏணி மாதிரி ஏரியைப் பார்த்து இறங்கும் என்றேன். இரவுச் சாப்பாட்டுக்கு நான் மிளகாய்க் கறியும் லவங்கப்பட்டை ரொட்டியும் செய்திருந்தேன். அவருக்கு உயிர் அது. ஒரு ரொட்டியோடு எழுந்துவிட்டார்.

அடுத்தது கல்யாண விவகாரம். இது உங்கள் கடைக்கு வேறு வடிவத்தில் வந்து சேர்ந்திருக்கும், உண்மை இதுதான். பக்கத்துப் பண்ணை மெர்ல், தன் வண்டியில் அகலமான டயர் போட்டிருக்கிறார். "போட்டு ஓட்டிப் பாருங்க அண்ணே, புடிச்சா வாங்கிக்குங்க" என்று ஆறையும் சக்கரத்தோடு கழற்றிக் கொடுத்தார். அகல டயர் போட்டால் பின்பக்கத்து ஜோடிக்கு நடுவே இடம் போதாது என்று மெர்ல் அங்கே தடியான இரும்பு வளையம் வைத்திருந்தார். அந்த வளையங்களை அப்பா மெர்ல் வீட்டுக் கொட்டகையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார். "அது அழகுக்கு மாட்டியிருப்பான்" என்றார். வெறும் வண்டியில் ஜோடிக்கு நடுவே விரல் நுழைந்தது. "பாத்தியா, விரல் போகுது" என்றார். பன்னிரண்டு கிடேரிகளை ஏற்றிக்கொண்டு சந்தைக்குக் கிளம்பினோம். பாரம் ஏறினால் டயர் அடியில் பிதுங்கும் என்பது எனக்கும் தோன்றவில்லை, அப்பாவுக்கும் தோன்றவில்லை. ஊருக்குள் நுழையும்போது ரப்பர் தீய்கிற நாற்றம். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் புகை. இரண்டு டயரும் கன்னத்தோடு கன்னம் உரசிக்கொண்டு வருகின்றன.

அப்பா நிறுத்திய இடம் லூத்தரன் தேவாலயத்துக்கு எதிரே. சனிக்கிழமை. உள்ளே கல்யாணம். பாரத்தை இறக்கினால்தான் சக்கரத்தைக் கழற்ற முடியும். தேவாலயத்தை ஒட்டி வேலி போட்ட விளையாட்டு மைதானம் இருந்தது, அப்பா டிரெய்லரைப் பின்னால் ஓட்டிக்கொண்டுபோய்க் கதவைத் திறந்துவிட்டார். மைதானத்தின் மறுகோடியிலும் ஒரு கதவு உண்டு, அது திறந்திருந்தது. பாதிரியார் கேட்கவேண்டிய முக்கியமான கேள்வியைக் கேட்கும்போது ஜன்னலுக்கு வெளியே ஒரு கிடேரி நின்று கத்தியதாம். ஐந்து நிமிஷத்தில் ஊதா கவுன் போட்ட தோழிப்பெண்கள் கையை விரித்துக்கொண்டு "ஹேய், ஹேய்" என்று ஓடுகிறார்கள், மாப்பிள்ளையின் சித்தப்பா கேக் மேசைக்குக் காவல் நிற்கிறார். மணப்பெண் மாட்டுப் பண்ணைக்காரர் மகள்தான். கவுனை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, உள்ளே போட்டிருந்த மாட்டுக்காரப் பூட்ஸோடு போய் மறுகோடிக் கதவைச் சாத்தினாள். "ஷெல்பி, நீ இன்னும் போகலியா? இந்த வாரம் டுலூத் போறன்னு சொன்னாங்க!" என்று தூரத்திலிருந்து கத்தினாள். ஊரே என்னைத் திரும்பிப் பார்த்தது. எனக்குக் கிடேரிகளோடு சேர்ந்து நின்றுகொள்ளலாம் போலிருந்தது. அப்பா தலைகுனிந்து ஜாக்கியைச் சுற்றிக்கொண்டிருந்தார். "அவ போவா. டயர் மாத்திட்டுப் போவா" என்று ஜாக்கியிடம் சொன்னார்.

இதற்குப் பிறகாவது புத்தி வந்து ஏதோ ஒரு டயரை எடுத்துவிடுவார் என்று பார்த்தேன். இல்லை. இப்போது சத்தம் பிரச்சினை. முரட்டுப் பட்டன் வைத்த டயர் நெடுஞ்சாலையில் இரைச்சல் போடுமாம். அது எவ்வளவு இரைச்சல் என்று கேட்க வேண்டுமாம். லைலின் கடை வண்டியில் அந்த டயர் இருந்தது. அதை என்னிடம் கொடுத்து ஊருக்கு வெளியே சாலையில் போகவும் வரவும் ஓட்டச் சொன்னார்கள். அப்பா சாலையோரம் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் போகிறேன், வருகிறேன், போகிறேன். ஒருமுறை திரும்பி வந்தபோது ரோந்துப் போலீஸ் வண்டி நின்றது. வயதான ஒருவர் சாலையோரம் வாளிமேல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எனக்கு உயிரே போய்விட்டது. இறங்கி ஓடிப் பார்த்தால், போலீஸ்காரரும் தொப்பியைக் கழற்றிவிட்டு அப்பா பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார்.

"கொஞ்சம் ஊளை இருக்குங்க" என்றார் போலீஸ்காரர்.

"அதான் நானும் சொல்றேன்" என்றார் அப்பா. "இன்னொரு தடவ போயிட்டு வா கண்ணு, சார் சரியாக் கேக்கல."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "அப்பா, சந்தைக்குப் போக இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷம் ஊளையிட்டா என்னப்பா?" என்றேன். நான் அப்பாவிடம் குரலை உயர்த்திப் பேசியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். போலீஸ்காரர் தொப்பியைப் போட்டுக்கொண்டு வண்டிக்குப் போய்விட்டார். அப்பா வாளியைக் கையில் எடுத்துக்கொண்டார். "தூரப் பயணத்துல ரேடியோ கேக்க வேணாமா?" என்றார், ரொம்ப மெதுவாக.

அத்தை, எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்ததால்தான் இந்தக் கடிதம். அப்பாவுக்கு டயர் தேர்ந்தெடுக்கத் தெரியாமல் இல்லை. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவர் எத்தனையோ தடவை டயர் மாற்றியிருக்கிறார், ஒருநாளும் அரைமணி நேரத்துக்குமேல் ஆனதில்லை. நான் போவது அவருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அம்மா போனதிலிருந்து இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் லிங்கனில் படித்தபோது வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்துவிடுவேன் என்று அவருக்குத் தெரியும். டுலூத்திலிருந்து அப்படி வர முடியாது. "போகாதே" என்று சொல்ல அவருக்கு வாய் வராது. அதனால் ஐஸ், மேடு, ஊளை. டயர் வாங்காதவரை வண்டி டுலூத்துக்குக் கிளம்பாது, வண்டி கிளம்பாதவரை நான் இங்கேதான். எனக்கும் "நான் போகணும்பா" என்று சொல்ல வாய் வரவில்லை. இப்படி இரண்டு பேரும் தினமும் காலையில் எதிரெதிரே உட்கார்ந்து காப்பி குடிக்கிறோம், டயரைப் பற்றிப் பேசுகிறோம்.

நீங்கள் அவருக்கு அக்கா. நீங்கள் சொன்னால் கேட்பார், கேட்காவிட்டாலும் பயப்படுவார். தயவுசெய்து இந்தக் கடிதம் கிடைத்த அன்றே கூப்பிட்டு, நாலு வார்த்தை கடுமையாகப் பேசி, ஏதோ ஒரு டயரைப் போடச் சொல்லுங்கள். நான் எழுதியதாகச் சொல்லாதீர்கள். ரொம்பக் கடுமையாகவும் பேசாதீர்கள். அவருக்கு இந்த வாரம் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. திட்டி முடித்ததும் ஏதாவது நல்லதாக இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு ஃபோனை வையுங்கள்.

மாமாவின் இரண்டு முழங்கால்களுக்கும், பழையதற்கும் சேர்த்து, என் அன்பைச் சொல்லவும். கடையில் என்னை விசாரிக்கிற எல்லாருக்கும் என் வணக்கம், பல்வலி போய்விட்டது. உங்கள் கைகளுக்கும் தோள்களுக்கும் ஓய்வும், கடைக்கு நிறைய தலைகளும் கிடைக்க வேண்டிக்கொள்கிறேன்.

என்றும் உங்கள் அன்பை வேண்டும்,
ஷெல்பி

பின்குறிப்பு: மேலே எழுதியதைப் படிக்காதீர்கள் என்று சொல்ல வேண்டும், ஆனால் பின்குறிப்பு கடைசியில்தானே வருகிறது. இந்தக் கடிதம் தபாலுக்குப் போகவில்லை. புதன்கிழமை உறையில் போட்டு ஒட்டி, தபால் பெட்டிக்கு எடுத்துக்கொண்டு நடக்கும்போது லைல் ஃபோன் செய்தார். "டயர் வந்துடுச்சும்மா, உங்கப்பன வண்டியக் கொண்டாரச் சொல்லு."

"எந்த டயர் அங்கிள்?"

"எந்த டயரா? போன வாரமே சொல்லிட்டானே, உங்கிட்ட சொல்லலியா? பனி டயர்! பக்கத்துல மலையும் பனிப்பூவும் முத்திர குத்தியிருக்கும் பாரு, அது. சத்தமும் போடாது, மேடும் ஏறும். ஆகஸ்ட் மாசத்துல பனி டயர் கேட்ட மொத ஆளு உங்கப்பன்தான். கிடங்குல இருக்கறவன் என்னையப் பைத்தியம்னு நெனச்சிருப்பான். மினியாபோலிஸ்லேர்ந்து வரவழைச்சேன்."

எதற்கு என்று கேட்டேன். லைல் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உன்னைய விட்டுட்டு வர்றதுக்கு எந்த டயரு இருந்தாலும் போதும்னு நானே சொன்னேன்மா. 'விட்டுட்டு வர்றதுக்கு இல்லடா, திரும்பத் திரும்பப் போறதுக்கு'ன்னான். ஜனவரிலயும் போகணுமாம். உங்கிட்ட சொல்லாதன்னான். மாடு ஏத்தற இந்த வண்டி வந்து உன் ஆபீஸ் வாசல்ல நின்னா நீ கூச்சப்படுவியாம்."

நான் தபால் பெட்டிக்குப் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் நின்றேன் அத்தை. அப்புறம் திரும்பி வந்துவிட்டேன்.

இதை உங்கள் ஊர் எல்லையில் டீசல் போடுகிற இடத்தில் வண்டிக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்னும் பத்து நிமிஷத்தில் உங்கள் வாசலில் இருப்போம், ஊறுகாய் ஜாடியோடு கடிதத்தையும் உங்கள் கையில் கொடுப்பேன். கட்டில் அசையாமல் இருக்க அப்பா டிரெய்லர் முழுக்க வைக்கோல் பரப்பியிருக்கிறார். என் புத்தகங்களில் மாட்டு வாசனை வரும், பரவாயில்லை. வழியில் நானேதான் கேட்டேன், "பனி டயர் எதுக்குப்பா?" என்று. அப்பா சாலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ஓடாம நின்னா டயர் கெட்டுப்போயிடும் கண்ணு. மாசத்துக்கு ஒரு தடவையாவது ரொம்ப தூரம் ஓட்டணும்" என்றார். நான், "அப்ப திங்கட்கிழமை என்னை ஆபீஸ் வாசல்லயே கொண்டுவந்து விடுங்க" என்றேன். "வாசல்லயேவா?" என்று கேட்டார். "வாசல்லயே." அதற்கப்புறம் ரேடியோவைப் போட்டார். டயர் சத்தமே இல்லை, எல்லாப் பாட்டும் நன்றாகக் கேட்டது.

ஒரே ஒரு சங்கடம். என் தெருவில் இந்த வண்டியை நிறுத்த இடமே கிடையாது. குறுகலான தெரு, செங்குத்து வேறு, பின்பக்கம் இவ்வளவு அகலமான வண்டியை அந்தத் தெருவே பார்த்திருக்காது. அதை அவரிடம் நான் சொல்லப்போவதில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.

அப்பா கீழே ஆறு டயரையும் தட்டி முடித்துவிட்டார். ஆறும் டங். இப்போது பக்கத்தில் நிற்கிற, யாருடையது என்றே தெரியாத லாரியின் டயரைத் தட்டிக்கொண்டிருக்கிறார். பின்னால் உள்பக்கம் தொம் என்கிறது, இங்கேயே கேட்கிறது. லாரிக்காரர் காப்பிக் கோப்பையோடு கோபமாக வந்துகொண்டிருக்கிறார். நான் இறங்கி அப்பா பக்கத்தில் போய் நிற்க வேண்டும். இத்துடன் முடிக்கிறேன்.